யோசிக்காதேங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் "அவவுக்கு இப்ப கன யோசினை" என்று சொல்வோம். ஆறுதல் சொல்லப் போனால் "யோசிக்காதேங்கோ" என்போம். செத்தவீட்டிலும் அதுதான், சோதனை மறுமொழி வந்த அன்றும் அதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தோடம்பழப் பையோடு நிற்கும்போதும் அதுதான். கவலைப்படுவதற்கும் சிந்திப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். சின்ன வயதில் இருந்தே காதில் விழுந்த சொல் என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. 2022 ஏப்ரலில் ஒரு இரவு, கரண்ட் இல்லாத அறையில், நெஞ்சு படபடவென்று அடிக்க, மூச்சு உள்ளே போகாமல் எழும்பி உட்கார்ந்து, விடிந்ததும் ஒரு வைத்தியரிடம் போய் ஈசிஜி எடுத்து, "இருதயத்தில ஒரு பிரச்சினையும் இல்லை ரீச்சர், நீங்கள் கனக்க யோசிக்கிறியள், யோசிக்காதேங்கோ" என்று அவரும் சொன்னபோதுதான் முதல் தடவையாக அந்தச் சொல்லில் எனக்குக் கோபம் வந்தது. எப்படி யோசிக்காமல் இருப்பது? அதை இதுவரை யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா?

அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கும் வரிசை. ஜனவரியில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் பாதியாகிவிட்டது. அவருடைய பிரஷர் குளிசை ஒரு கடையில் இருக்கும், மற்றக் குளிசை வேறொரு கடையில் இருக்கும், இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் அன்றைக்கு நல்லநாள். கணவருக்கு வவுனியாவில் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறவர், எரிபொருள் இல்லாமல் மாதத்தில் ஒருமுறை வந்தாலே பெரிய காரியமாக இருந்தது. வீட்டுக்கு மேல்மாடி கட்ட எடுத்த லோன் வேறு. அதைக் கட்டுவதற்காகப் பள்ளிக்கூடம் விட்டு வந்து கிழமையில் நாலு பின்னேரமும் ஞாயிறு காலையும் விஞ்ஞானம் ரியூசன். இதில் எதுவும் யாருக்கும் நடக்காத ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையிலேயே இதைவிட மோசமாக இருந்தவர்கள் உண்டு. ஆனாலும் என் உடம்பு அந்த நியாயத்தைக் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. உளநெருக்கீடு, அதாவது ஸ்ட்ரெஸ், என்பது தலைப்பு. பாதி நேரம் நித்திரை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பயிற்சி நடத்திய வளவாளர் இடையில் சொன்ன ஒரு பரிசோதனை என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. வீட்டுக்கு வந்து நானே தேடி வாசித்தேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு மனிதருக்கு நெருக்கீட்டை வேண்டுமென்றே உண்டாக்குவது எப்படி? ஜேர்மனியில் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் 1993 இல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாத சிலர் மேசைக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று நீங்கள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் 1022 இலிருந்து 13 13 ஆகக் கழித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1009, 996, 983, 970 என்று போகும். ஒரு இடத்தில் பிழைத்தால் திரும்பவும் 1022 இலிருந்து. இதற்கு முன்னும் பின்னும் உங்கள் எச்சிலை எடுத்து அதில் கோட்டிசோல் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கோட்டிசோல் என்பது அதிரினலின் சுரக்கிற அதே சுரப்பியின் இன்னொரு ஓமோன். ஆபத்து வரும்போது உடம்பை அதற்குத் தயார்ப்படுத்துவது, ஆபத்து போன பிறகும் இறங்காமல் நின்றால் நித்திரையையும் பிரஷரையும் கெடுப்பது. பதினோராம் வகுப்புக்கு ஓமோன்கள் படிப்பிக்கிறவள் நான். என் சொந்த நெஞ்சு அடித்தபோது மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சரி, அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். 2005 இல் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரெஸ்வெல்லும் கூட்டாளிகளும் 85 மாணவர்களை இதே மாதிரியான சோதனைக்குள் விட்டார்கள். அதற்குச் சற்று முன் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். ஒரு கூட்டம் தங்களுக்கு மிக முக்கியம் என்று தாங்களே சொன்ன ஒரு விழுமியத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதியது, மற்றக் கூட்டம் தங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லாத ஒன்றைப் பற்றி எழுதியது. பிறகு இரண்டு கூட்டத்துக்கும் அதே சிரிக்காத முகங்கள், அதே கழித்தல். தங்களுக்கு முக்கியமானதைப் பற்றி எழுதியவர்களுக்குக் கோட்டிசோல் கணிசமாகக் குறைவாகவே ஏறியது. கடவுள் நம்பிக்கை முக்கியம் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், 13 13 ஆகக் கழிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு அதைக் கணக்கில் எடுத்தது. குளோட் ஸ்டீல் என்ற உளவியலாளர் 1988 இலேயே இதற்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தார்: ஒரு இடத்தில் அடி விழும்போது, அந்த இடம் மட்டுமே நான் இல்லை என்று மனதுக்குத் தெரிந்தால், அது அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும்.

அன்றிரவு மகனின் பாதி எழுதிய கொப்பி ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எனக்கு முக்கியமானவை என்று மூன்று வரி எழுதினேன். லோனை முடிக்க வேண்டும். அப்பா பழையபடி நடக்க வேண்டும். மகன் உயர்தரத்தில் பயோ எடுத்து மெடிசினுக்குப் போக வேண்டும். எழுதிவிட்டுப் பார்த்தால் திரும்பவும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. லோன் வங்கியின் வட்டியில் தொங்கியது. நடப்பது அப்பாவின் நரம்புகளில் இருந்தது. மெடிசின் பன்னிரண்டு வயதுகூட ஆகாத ஒரு பிள்ளையின் எதிர்கால இசற் புள்ளியில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளியில், இருந்தது. மூன்றில் ஒன்றையாவது நாளைக் காலையில் எழும்பி நான் செய்ய முடியாது. அவை முக்கியமானவைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அவை எல்லாம் என்றோ ஒருநாள் கிடைக்கவோ கிடைக்காமலோ போகிற இலக்குகள். விழுமியம் எது என்று யோசித்தபோது பக்கத்து அறையில் படுத்திருந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

அப்பா கோண்டாவிலில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எண்பதுகளில் ஒரு தகரக் கொட்டில், ஒரு தண்ணீர்ச் சட்டி, காற்றடிக்கிற ஒரு பம், சுவரில் தொங்குகிற பழைய ரயர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ஜாம்போத்தல் விளக்கில் நாங்கள் படிக்க, அவர் அதே வெளிச்சத்தில் ரியூப் ஒட்டுவார். கடைக்கு வருகிற எந்தச் சைக்கிளையும் முதலில் பெருவிரலால் ரயரை அமத்திப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஆளைப் பார்க்கிறதுக்கு முதலே ரயரைப் பார்த்துவிடுவார்.

1995 ஒக்ரோபர் 30. எனக்கு 11 வயது. யுத்தம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட வேண்டும் என்று பின்னேரம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா காணி உறுதிகளையும் அரிசியையும் உடுப்பையும் கட்டினார். அப்பா பம்மையும் நட்டுக் கழற்றுகிற சாவிகள் போட்ட தகரப் பெட்டியையும் கொண்டுவந்து கரியரில் வைத்தார். "அரிசிப் பையை இறக்கிப்போட்டு உந்த இரும்பை ஏத்துறியளே?" என்று அம்மா அழுதுகொண்டு பேசியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற அந்தப் பாதையில் நாலைந்து லட்சம் சனம். மழை. அடி அடியாகத்தான் நகர முடிந்தது. தாகத்துக்கு, குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரை ஏந்திக் குடித்தோம். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் தன் தாயைக் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார், பின்சில்லில் காற்று இல்லை, ரிம் நிலத்தில் இடித்துக்கொண்டிருந்தது. அப்பா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். அவர் பாதையோரம் குந்தியிருந்து, ரியூப்பைத் தன் சாரத்தின் உள்பக்கத்தால் துடைத்துத் துடைத்துக் காயவைத்து ஒட்டினார், நான் மேலே குடை பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது முழு இரவு போல இருந்தது.

மீசாலையில் ஒரு வளவில் ஒதுங்கினோம். அடுத்த ஏப்ரல் வரை அங்கேதான். இரண்டாம் நாளே அப்பா மாமரத்தின் கீழ் பெட்டியைத் திறந்துவிட்டார். காசு தந்தவர்களிடம் வாங்கினார், தராதவர்களிடம் கேட்கவில்லை. அதே வளவில் பெரியப்பாவும் இருந்தார், நகரத்தில் நல்ல வியாபாரம் செய்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். திண்ணையில் இருந்து பெருமூச்சு விடுவார், சாப்பிடமாட்டார், இரவில் எழும்பி நடப்பார். பெரியப்பா பலவீனமானவர் என்று நான் நினைக்கவில்லை, அவர் இழந்தது அப்படி. ஆனால் ஒரே வளவில், ஒரே ஓலைப் பாயில், அப்பா படுத்தவுடன் நித்திரையாகிவிடுவார் என்பதை நான் பார்த்தேன். பல வருடத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன், உங்களுக்கு அப்ப பயமே இருக்கேல்லையா அப்பா என்று. "பயம் இல்லாமலோ பிள்ளை. ஆனா விடிஞ்சா ஆரோ ஒராள் சில்லைப் பாக்கச் சொல்லி வருவினம். அந்தச் சில்லு உருளாட்டி அந்தக் கிழவி என்னெண்டு போறது?" என்றார். அவர் இன்னும் நாவற்குழியில் நின்ற அந்தத் தாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கடை போனது. கொட்டில் எரிந்துவிட்டது என்று திரும்பி வந்தபோது தெரிந்தது. கடை வைத்திருப்பது என்ற இலக்கு ஒரே இரவில் போகக் கூடியது. வழியில் நிற்கிறவர்களை நகர வைப்பது என்பது மீசாலை மாமரத்துக்குக் கீழேயும் செய்யக் கூடியதாக இருந்தது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் நாங்கள் பிள்ளைகளுக்கு இலக்கைக் கொடுக்கிறோம், நிறையவே கொடுக்கிறோம், டொக்டர், இஞ்சினியர், கனடா, அந்த இலக்குக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை. அப்புறம் இலக்கு உடைந்தால் பிள்ளையும் சேர்ந்து உடைகிறது.

நான் உடைந்திருக்கிறேன். 2003, 2004, 2005 என்று மூன்று தரம் உயர்தரம் எடுத்து மூன்று தரமும் மெடிசினுக்குப் புள்ளி காணாமல் போனது. மூன்றுக்கு மேல் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் யோசிக்காதை யோசிக்காதை என்றார்கள். அப்பா ஒருவர்தான் வேறு மாதிரிக் கேட்டார். "ஏன் டொக்டராக வேணும் எண்டு நினைச்சனி?" அது ஒரு கண்டிப்பாகக்கூட இருக்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியாமல் இருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது: உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும்போதும், அதைவிட அதைப் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போதும் எனக்கு வருகிற சந்தோசம். அதற்கு டொக்டராகத்தான் வேண்டும் என்றில்லையே. கோப்பாய்க் கல்வியியற் கல்லூரிக்கு அப்படித்தான் போனேன்.

இதையும் ஆய்ந்திருக்கிறார்கள். எங்கள் சனம் நிறைய இருக்கிற மொன்றியலில், கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ஸ்டன் ரோஷும் கூட்டாளிகளும் 2003 இல் எழுதியது: அடைய முடியாமல் போன இலக்கை விடத் தெரிந்தவர்களும், விட்ட கையால் அர்த்தமுள்ள இன்னொன்றைப் பிடிக்கத் தெரிந்தவர்களும் மனநலத்தோடு இருக்கிறார்கள். விடாமுயற்சியை மட்டுமே கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது காதில் ஏறக் கொஞ்சம் கஷ்டம். மூன்றாம் தரத்துக்குப் பிறகும் பிள்ளையை வெளிநாட்டில் மெடிசின் படிக்க வைக்கக் காணியை விற்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அது பிள்ளையின் ஆசையாக இருந்தால் விற்கட்டும். பெரும்பாலும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்கு நோகிறது.

மகனின் கொப்பிக்குத் திரும்புகிறேன். மூன்று வரியையும் வெட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை இரண்டு மூன்று நாள் எடுத்தது. அப்பாவை மற்றவர் கையில் விடாமல், மரியாதையோடு பார்ப்பது. ஒரு பிள்ளைக்கு விளங்காததை விளங்கும் வரை சொல்லிக் கொடுப்பது. மகன் என்னிடம் பயமில்லாமல் வந்து கதைக்கிற மாதிரி ஒரு தாயாக இருப்பது. எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு விசயம் தெரிந்தது. மூன்றும் நாளைக்கே செய்யக் கூடியவை. ஆனால் மூன்றையும் நான் அந்த வருடம் செய்யவில்லை. ஞாயிறு காலை அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நின்றுகொண்டு அப்பா குளித்தாரா என்று யோசிப்பேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது வகுப்பு நோட்ஸ் தயாரில்லை என்று யோசிப்பேன். மகன் ஏதாவது சொல்ல வந்தால் "பிறகு சொல்லு" என்பேன்.

ரொபர்ட் எமன்ஸ், லோரா கிங் என்ற இரண்டு பேர் 1988 இல் கண்டது இதுதான். ஆட்கள் அன்றாடம் எதற்காகப் பாடுபடுகிறார்கள் என்று எழுதச் சொல்லி, அவற்றில் எது எதோடு மோதுகிறது என்றும் பார்த்தார்கள். ஒன்றோடொன்று மோதுகிற விசயங்களை ஆட்கள் குறைவாகவே செய்கிறார்கள், ஆனால் அவற்றைப் பற்றிக் கூடுதலாக யோசிக்கிறார்கள். மோதல் கூடியவர்களுக்கு உடம்புக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன. வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் யோசினை அதுதானே! செய்யாமல் யோசிப்பது. வைத்தியர் சொன்னது பிழையில்லை, நான் கனக்கத்தான் யோசித்தேன், ஆனால் நிறுத்த வேண்டியது யோசிப்பதை அல்ல, அந்த மோதலை.

ஞாயிறு வகுப்பை விட்டேன். ஒரே வரியில் எழுதிவிட்டேன், ஆனால் அது லேசாக நடக்கவில்லை. வங்கியில் கதைத்துத் தவணையை நீட்டினோம். வட்டி கூடினது. கிழமையில் இரண்டு நாள் மீன் வாங்குவது ஒரு நாளானது. மேல்மாடி வேலை நின்றது, தூண் கம்பிகள் இன்றைக்கும் கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. "என்ன ரீச்சர், வீடு அப்படியே நிக்குது" என்று கேட்காதவர் இல்லை. ஆனால் எதற்காக விட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கம்பியைப் பார்த்தால் முன்பு வருகிற படபடப்பு வரவில்லை. விலை கொடுத்தேன், எதற்கு என்று தெரிந்து கொடுத்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 2022 நடுப்பகுதியில் பெற்றோல் இல்லாமல் போக, யாழ்ப்பாணம் திரும்பவும் சைக்கிளுக்கு வந்தது. பதினைந்து வருடமாகக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்களை எல்லாம் சனம் வெளியே எடுத்தது. புதுச் சைக்கிள் விலை நினைக்க முடியாத அளவுக்குப் போனது. பழைய ஆட்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு வந்தார்கள், "ஐயா, ஒருக்கால் பாருங்கோ" என்று படலையில் நின்றார்கள். வாழ்நாள் முழுவதும் காத்திருந்த காலம் திரும்பி வந்தபோது அவருடைய வலது கை மடியில் கிடந்தது. அவர் அழுவார். பாரிசவாதத்துக்குப் பிறகு அழுகை லேசில் வரும் என்று சொல்வார்கள், எனக்கு அது காரணமாகத் தெரியவில்லை. என் நெஞ்சு அடித்த இரவுகளில் பாதி அந்த அழுகையால் வந்தது.

ஞாயிறு காலை கையில் கிடைத்த பிறகு, அவரைக் குளிக்க வார்த்து, வெள்ளைச் சாரம் கட்டி, படலைக்குப் பக்கத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருத்தினேன். மகனிடம் அந்தப் பழைய தகரப் பெட்டியைக் கொடுத்தேன். முதல் வந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள். அப்பா இடது கையை நீட்டி, பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தார். "காத்... காணாது" என்றார். மகன் சில்லைக் கழற்ற, இவர் பாதிச் சொல்லும் விரலுமாகச் சொல்லச் சொல்ல, முக்கால் மணித்தியாலம் எடுத்து ஒரு ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டு இரண்டு நாளில் விட்டுவிட்டது. திரும்பவும் போட்டார்கள். இப்போது பம்மைப் படலைத் தூணில் கட்டி வைத்திருக்கிறோம். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று காற்று அடித்துக்கொண்டு போகும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு பிள்ளை அவசரத்தில் வால்வு மூடியைப் போடாமல் போனால் அவருக்கு அன்றைக்கு முழுவதும் அதுதான் பேச்சு.

அவருடைய கை திரும்பவில்லை. என் படபடப்பும் முழுவதாகப் போகவில்லை, மாதத்தில் ஒருமுறை வருகிறது. சூசன் ஃபோக்மன் என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் சான் பிரான்சிஸ்கோவில் எயிட்ஸ் நோயாளிகளைப் பராமரித்த துணைவர்களிடம் நீண்ட காலம் பேட்டி எடுத்தார். அப்போது அந்த நோய்க்குச் சரியான மருந்து இல்லை, அன்புக்குரியவர் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே பராமரித்தவர்கள் அவர்கள். கஷ்டங்களை மட்டுமே கேட்கிறீர்கள், நல்லது நடந்ததைக் கேட்கமாட்டீர்களா என்று அவர்களே குறைப்பட்டார்களாம். கேட்கத் தொடங்கியபோது கிட்டத்தட்ட எல்லோரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. துயரம் குறையாமலே அதற்குப் பக்கத்தில் நல்லதும் இருந்தது. எங்கள் வேப்பமரத்துக்குக் கீழே நான் பார்ப்பதும் அதைத்தான்.

ஒரு விசயத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். விழுமியம், இலட்சியம் என்று சொல்லி ஒருவரை எதையும் பொறுத்துப்போக வைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அடிக்கிற கணவனோடு இருக்கிற பெண்ணுக்குக் குடும்ப மானம் என்பார்கள். அது அவள் தெரிவுசெய்த விழுமியம் இல்லை, அவள் தலையில் ஏற்றிய சுமை. அந்தப் பரிசோதனையிலும் தாங்களே தெரிவுசெய்ததைப் பற்றி எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது. அதேபோல, கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறவரிடம் கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் எடுக்கலாம். அப்பாவின் பிரஷருக்குக் குளிசைதான் வேண்டும், வேப்பமரம் காணாது.

இன்னொன்று. அந்த ஆய்வுகள் எல்லாம் தனி ஆளைப் பிடித்து, உனக்கு என்ன முக்கியம் என்று கேட்கின்றன. எங்கள் மண்ணில் பல பத்தாண்டுகளாக வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இங்கே காயம் தனி ஆட்களுக்கு மட்டும் வந்ததில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் காயப்பட்டன என்று எழுதியிருக்கிறார், அதற்குக் கூட்டு மனவடு என்று பெயர். என் கொப்பியில் இருந்த மூன்று வரியிலும் இன்னொரு ஆள் இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். அப்பா, ஒரு மாணவர், மகன். எனக்காக மட்டும் என்று ஒரு வரிகூட எழுத வரவில்லை. அது குறையா என்று கொஞ்சக் காலம் யோசித்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தவணைச் சோதனைக்கு முதல், தங்களுக்கு எது முக்கியம் என்று பத்து நிமிடம் எழுதக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இப்படி எழுதுவித்து, கறுப்பினப் பிள்ளைகளின் புள்ளிகள் ஏறியதாக 2006 இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு வேறு பள்ளிக்கூடங்களில் செய்தபோது சில இடத்தில் பலன் தெரிந்தது, சில இடத்தில் தெரியவில்லை. ஆகவே புள்ளி ஏறும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. என்ன எழுதினார்கள் என்று வாங்கிப் பார்ப்பதும் இல்லை. ஒருமுறை ஒரு பெடியன் எழுதி முடித்துவிட்டு, "ரீச்சர், இது ஒருத்தரும் எங்களிட்டைக் கேக்காத கேள்வி" என்றான், அவ்வளவுதான்.

மகனுக்கு இந்த வருடம் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்ய வேண்டும். கனடாவில் இருந்து அண்ணா எடுத்து, பயோதானே என்று கேட்கிறார். நான் இன்னும் மகனிடம் அதைக் கேட்கவில்லை, அப்பா என்னிடம் கேட்டதைத்தான் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வரட்டும், அவசரமில்லை.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் கிளினிக். நேரத்தோடு போய் நம்பர் எடுக்க வேண்டும், பாடசாலைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஓட்டோவுக்குச் சொல்லவா என்று நேற்று இரவு கேட்டேன். அவர் படலைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "ஏன், சைக்கிள்ளை போகேலாதோ?" என்றார்.